ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: பழுதும் பராமரிப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1980 வரை கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் தயாரான, பிரிட்டனின் ட்ரையம்ஃப் நிறுவனத்துடைய இரண்டு பேர் உட்காரும் கார் ஸ்பிட்ஃபயர். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் இங்கிலாந்தில் ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது 1972ஆம் வருட மார்க் 4. பதினான்கு வருடங்களாக லெஸ்டரில் வைத்து ஓட்டுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிறவன். இங்கே சொல்லியிருப்பதில் பாதி, கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த மாடல் நல்லது?

மார்க் 1, மார்க் 2 இரண்டிலும் 1147 சிசி எஞ்சின். 1967இல் வந்த மார்க் 3இல் 1296 சிசி. 1970இல் வந்த மார்க் 4இலும் அதே 1296தான், ஆனால் வால் பக்கம் வெட்டிவிட்ட மாதிரி புது உருவம், திருத்திய பின் சஸ்பென்ஷன். கடைசியாக 1493 சிசியுடன் 1500. சேஸி எண்ணின் முதல் எழுத்துகளே மாடலைச் சொல்லிவிடும்: எஃப்சி என்றால் முதல் இரண்டு மார்க், எஃப்டி என்றால் மார்க் 3, எஃப்ஹெச் என்றால் அதற்குப் பிந்தியது.

எனக்குப் பிடித்தது 1296 எஞ்சின். 1500க்கு இழுவை அதிகம், நெடுஞ்சாலையில் சுகம். ஆனால் அதில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 87.5 மி.மீ. வேகமாக, நீண்ட நேரம் விரட்டினால், கனெக்டிங் ராட் கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்கிறது. எப்படியும் எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், தகரத்தைப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் வேலைக்கு ஒரு விலை சொல்லலாம். துருவுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது.

துருவை எங்கெல்லாம் தேட வேண்டும்?

முதலில் சில், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி. இதே நிறுவனத்தின் ஹெரால்டு காரிலிருந்து குறுக்கி எடுத்த சேஸிதான் ஸ்பிட்ஃபயருக்கு. குறுக்கும்போது ஹெரால்டில் இருந்த பக்கவாட்டுச் சட்டங்களை விட்டுவிட்டார்கள். அந்தச் சுமையை இங்கே தாங்குவது சில்தான். ஆகவே ஸ்பிட்ஃபயரில் சில் அலங்காரம் இல்லை, முதுகெலும்பு மாதிரி.

ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, சில் நெடுகத் தடவிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. என் வண்டியை வாங்கியபோது எனக்கு இது தெரியாது. விற்றவர் தேநீர் கொடுத்தார், நானும் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன். மூன்றாம் மாதம் ஜாக்கி போட்டபோது கரகரவென்று ஒரு சத்தம். ஜாக்கி உள்ளே போய்விட்டது. இடது பக்கச் சில்லுக்குள் கம்பி வலையும், அதன் மேல் பட்டியும், உள்ளே மடித்துச் செருகிய செய்தித்தாளும் இருந்தன. செய்தித்தாளின் தேதி 1994.

அப்புறம் பாருங்கள்: பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம்கள் பாடியில் பொருந்தும் இடம், கால் வைக்கும் தரையின் முன் மூலைகள், டிக்கித் தரை, பேட்டரி உட்காரும் தட்டு, பானட்டின் சக்கர வளைவுகள். கதவை மூடி இடைவெளியைக் கவனியுங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. சில் மாற்றுவதாக இருந்தால், பழையதை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டினால் கதவு பிறகு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது.

ட்ரன்னியன் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பயப்படத்தான் வேண்டும். ஆனால் ஐந்து நிமிட வேலையில் தீரும் பயம் அது.

முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் மேல்முனையில் பால் ஜாயின்ட் இருக்கிறது. கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது. அந்த வெண்கலத் துண்டுதான் ட்ரன்னியன். இந்த வண்டி 24 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்சியே 25 அடி கேட்கும். சக்கரம் அவ்வளவு மடங்குகிறது என்றால் அந்த மரை எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள்.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, ஆயில். கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற இபி 90 ஆயில். குழப்பம் எங்கே வருகிறது என்றால், அதை ஏற்றும் கருவி கிரீஸ் கன். அடைப்புத் திருகைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளைத் திருகி, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி அழுத்த வேண்டும். நிப்பிளைப் பார்த்ததும் எந்த மெக்கானிக்கின் கையும் கிரீஸைத் தேடும். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் போகாமல் வாயிலேயே கட்டியாகி நின்றுவிடும். மேலே இருந்து இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கும். எஃகுத் தண்டு ட்ரன்னியனின் மேல் விளிம்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே வரும். ஒரு நாள் ஒடியும். பெரும்பாலும் மெதுவாக, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வண்டியை நிறுத்தும்போது ஒடியும். சக்கரம் பானட்டுக்கு அடியில் மடங்கிப் படுத்துவிடும். நெடுஞ்சாலையில் ஒடிந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

6,000 மைலுக்கு ஒருமுறை என்கிறது கையேடு. நான் வருடத்துக்கு இருமுறை செய்கிறேன். அழுத்தத் தொடங்கியதும் முதலில் பழுப்பு நிறத்தில் கலங்கலாக வரும், சில சமயம் தண்ணீரே வரும். மேல் சீலின் ஓரத்தில் தெளிந்த ஆயில் எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தக் கூடாது. தரையில் சொட்டும். அட்டை விரித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கியவுடன் இரண்டு பக்கமும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முடியாது. திரும்பப் பூட்டும்போது முழுதாகத் திருகிவிட்டு, சக்கரம் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பும் அளவுக்குச் சிறிது பின்வாங்க வேண்டும். மரையில் குழி விழுந்த தண்டை மட்டும் மறுபடி போடாதீர்கள்.

கிளட்ச் மிதித்தால் எஞ்சின் சத்தம் மாறுகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். பானட்டைத் திறந்து, எஞ்சினை அணைத்து, வேறொருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

கிராங்க் ஷாஃப்ட் நீளவாக்கில் நகராமல் பிடித்திருப்பவை, பின் மெயின் பேரிங்கின் இரு முகத்திலும் இருக்கும் அரைவட்ட வாஷர்கள். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் முழுவதும் பின்பக்க வாஷரில் விழுகிறது. அது தேய்ந்து தேய்ந்து, கடைசியில் நழுவி, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்குள் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்க் பிளாக்கையே உராயும், எஞ்சின் கதை முடிந்தது. விளிம்பில் டயல் கேஜ் வைத்து அளந்தால் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நல்ல செய்தி, எஞ்சினை இறக்காமலே சம்பைக் கழற்றி மாற்றிவிடலாம். வாஷரில் பள்ளக்கோடு போட்ட முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் அதைத் திருப்பிப் போட்டேன். படத்தைப் பார்த்துத்தான் செய்தேன், ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு முன் எது, பின் எது? மறுநாள் சம்பை மறுபடி கழற்றினேன். இப்போது போடும் முன் வாஷரின் முதுகில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன்.

சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்குப் போய்க் காலை எடுத்துவிடுங்கள். இந்த வாஷருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

என் ஸ்பேனர் செட் மில்லிமீட்டர் கணக்கு. போதுமா?

போதாது. அங்குல அளவு ஏஎஃப் ஸ்பேனர்கள் வேண்டும். 7/16, 1/2, 9/16 மூன்றிலேயே பாதி வண்டி கழன்றுவிடும். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்காரும், உட்கார்ந்து முனையை மழுக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்கிறது.

ஆயில் ஃபில்டர் இந்த எஞ்சினில் படுத்தவாக்கில் இருக்கிறது. இரவில் ஆயில் முழுவதும் சம்புக்கு இறங்கிவிட்டால், காலையில் பேரிங்குக்கு ஆயில் ஏறும் வரை அந்தச் சத்தம் வரும். ஆயில் திரும்பி வழியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆயில் 20டபிள்யூ50. புது வண்டிகளுக்கான மெல்லிய சிந்தெடிக் ஆயில் இதற்கு ஒத்துவராது.

கியர்பாக்ஸுக்கு ஜிஎல்4 தர ஆயில். ஜிஎல்5 இன்னும் உயர்ந்தது என்று கடையில் சொல்வார்கள். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மானங்கள் உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையங்களை, பாதிக்கலாம்.

இரட்டைக் கார்புரேட்டரை நானே டியூன் செய்ய முடியுமா?

முடியும். பிரிட்டிஷ் சந்தை ஸ்பிட்ஃபயரில் இருப்பது எஸ்யூ கார்புரேட்டர். அந்தப் பெயர் ஸ்கின்னர் சகோதரர்களுடையது. காலணி வியாபாரக் குடும்பம். ஆரம்பகால எஸ்யூவில் தோலால் செய்த துருத்தியைத்தான் வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இப்போது துருத்திக்குப் பதில் ஒரு பிஸ்டன். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் எழும்பும், அதோடு ஊசியும் எழும்பிப் பெட்ரோல் வழியைத் திறக்கும்.

திருகுகளைத் தொடும் முன் வால்வு இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், இக்னிஷன் டைமிங் மூன்றும் சரியா என்று பாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி இக்னிஷன் கோளாறுதான். பிறகு மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் தடுக்கும் டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஏஇ 20 ஆயில் போதும். மூடியைத் திரும்ப இறக்கும்போது கடைசி அரை அங்குலத்தில் கைக்குத் தடை தெரிய வேண்டும். ஆயில் வற்றிவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி விக்கும்.

கலவை சரியா என்பதை அறிய, எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மட்டும், அடியில் உள்ள சிறு கம்பியை (லிஃப்டிங் பின்) மேலே தள்ளி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் உடனே தள்ளாடி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி இறங்கிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரும் சமமாக இழுக்கின்றனவா என்று பார்க்க விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தால் இரைச்சல் வித்தியாசம் நன்றாகக் கேட்கும்.

டேப்பட் அட்ஜஸ்ட் செய்வது எப்படி?

டேப்பட் என்று சொல்வது வால்வு இடைவெளியைத்தான். குளிர்ந்த எஞ்சினில், எட்டு வால்வுக்கும் 0.010 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காவது கியர் போட்டு வண்டியைக் கையால் தள்ளினால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். ஃபீலர் கேஜ் லேசான பிடியோடு வழுக்க வேண்டும், இறுகக் கூடாது.

இந்த வேலையை ரசித்துச் செய்யலாம். ஸ்பிட்ஃபயரின் பானட் சக்கர வளைவுகளோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய வண்டிகள் அதிகம் இல்லை.

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றது. பத்து நிமிடம் கழித்து ஓடுகிறது. மறுபடி நிற்கிறது.

சூடானதும் தவறுவது பெரும்பாலும் கண்டென்சர், அடுத்தது ரோட்டார் ஆர்ம், அதற்கடுத்தது இக்னிஷன் காயில். நம் ஊர் மெக்கானிக்குகள் டெல்கோ என்று அழைக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சில்லறைச் சாமான்கள்தான் முதல் இரண்டும். இப்போது புதிதாக விற்கும் மலிவு ரோட்டார் ஆர்ம்களில், பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் வழியாகவே மின்சாரம் கீழே கசிந்துவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு நிற ரோட்டார் ஆர்ம் வாங்குங்கள். பழைய கண்டென்சர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், பாயிண்ட் மாற்றும்போது வழக்கத்துக்காக அதையும் தூக்கி எறியாதீர்கள். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025.

மின்சாரக் கோளாறுக்கு முடிவே இல்லையா?

இந்த வண்டிகளுக்கு மின்சாரச் சாமான்கள் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு இருளின் இளவரசன் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது வருட ஈரத்தில் எர்த் இணைப்பு பச்சை பூத்தால் லூகாஸ் என்ன செய்வார்? இடது இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகிறதா, அது எர்த். ஹெட்லைட் மஞ்சள் பூத்த மாதிரி எரிகிறதா, எர்த். கருப்பு வயர்கள் பாடியில் பூட்டியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் கழற்றி, தகரம் மின்னும் வரை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வயர் நிறங்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். பழுப்பு எப்போதும் உயிரோடிருக்கும், ஃபியூஸ் கிடையாது, கவனம். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அதுவே ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா, ஃபியூஸோடு எப்போதும் இருப்பது. சிவப்பு பக்க விளக்குகளுக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு.

பெட்ரோல் மீட்டரும் சூட்டு மீட்டரும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டினால் இரண்டும் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போயிருக்கும். இன்னொன்று: மார்க் 1, மார்க் 2 வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பேட்டரி கட்ட வேண்டாம்.

நெரிசலில் சூடாகிறது. பெரிய ரேடியேட்டர் போடலாமா?

முதலில் ரேடியேட்டரின் இரு பக்கமும் அட்டைத் தடுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆமாம், வெறும் அட்டை. முன்வாயில் நுழையும் காற்று பக்கவாட்டில் தப்பிவிடாமல் ரேடியேட்டருக்குள் திருப்பிவிடுவது அவைதான். ஈரத்தில் ஊறிக் கிழிந்துபோயிருக்கும், யாரும் மறுபடி வைத்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிப் பொருத்தினேன், என் வண்டியில் ஊசி நடுவிலேயே நிற்கிறது.

வளைவில் பின்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கிறது.

பழைய மார்க்குகளில் வேகமாக வளைந்துகொண்டே திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். குறுக்குவாட்டுப் பட்டை ஸ்பிரிங்கும், உள்முனை மூட்டில் மட்டும் ஊசலாடும் ஸ்விங் ஆக்சிலும் சேர்ந்து செய்யும் வேலை அது. மார்க் 4இல் பெரும்பாலான பட்டைகளை நடுவில் ஆட விட்டு அதைத் தணித்தார்கள். ஆனால் ஸ்பிரிங்கைத் திட்டும் முன் டயரில் காற்றைப் பாருங்கள். மார்க் 4க்கு முன்னால் 21, பின்னால் 26 பவுண்டு. டயர் கடைக்காரர் நான்கிலும் முப்பது அடித்துவிட்டு அனுப்பியிருப்பார்.

ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை. கியர்பாக்ஸை இறக்கணுமா?

வேண்டாம். ஓவர்டிரைவ் என்பது அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்ற விடும், மின்சாரத்தால் இயங்கும் கூடுதல் கியர். அதனால் முதலில் வயர். கியர் குமிழிலிருந்து இறங்கும் மெல்லிய வயர், கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்விட்ச், சாலினாய்டு, எர்த் இந்த வரிசையில் டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் நான்கிலும் மட்டுமே அது இயங்கும் என்பதை மறந்து இரண்டாவதில் தேடியவர்கள் உண்டு. அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில் அளவு.

எந்தப் பெட்ரோல்?

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறிப் பொருமி வெடிக்கும். எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் சொட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இ5 (5 சதவீதம் வரை எத்தனால்) எழுதிய சூப்பர் பெட்ரோல் போடுங்கள், குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள்.

எம்ஓடி சோதனை தேவையா?

எம்ஓடி என்பது வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பிரிட்டனில் வருடம்தோறும் பார்க்கும் சோதனை. நாற்பது வருடம் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் கட்டாயமில்லை. நான் ஆனாலும் வருடாவருடம் கொண்டுபோகிறேன். வேறொருவர் கண்ணால் வண்டியின் அடிப்பாகத்தை லிஃப்டில் தூக்கிப் பார்ப்பதற்கு அதைவிடச் சல்லிசான வழி இல்லை.

சென்னையில் கிடைக்கும் ஹெரால்டு சாமான்கள் பொருந்துமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, நியாயமும் இருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்பிட்ஃபயரின் பெரியப்பா பிள்ளை. ட்ரன்னியன், பட்டை ஸ்பிரிங், ஸ்விங் ஆக்சில் எல்லாம் அதே குடும்பம். திருச்சியில் என் மாமா ஒன்று வைத்திருந்தார், அதற்கும் ஆயில்தான், கிரீஸ் இல்லை. ஆனால் ஹெரால்டில் 948 சிசி எஞ்சின், ஸ்பிட்ஃபயரில் முன்பக்கம் டிஸ்க் பிரேக். பாக எண்ணை ஒப்பிடாமல் எதையும் பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள். இங்கிலாந்தில் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை.

நீண்ட பயணத்துக்கு டிக்கியில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள்?

ஒரு ரோட்டார் ஆர்ம், கண்டென்சர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ்கள், டெஸ்ட் லைட், மேலே சொன்ன மூன்று ஸ்பேனர்கள், ஒரு லிட்டர் ஆயில், பெரிய துண்டு ஒன்று. துண்டு கை துடைக்க இல்லை. மழை வந்தால் மேல் துணி முன் கண்ணாடியைச் சந்திக்கும் மூலையில் ஒழுகும், சரியாகக் கிளட்ச் முழங்காலில். மூன்று சீல் மாற்றிப் பார்த்துவிட்டேன். இப்போது துண்டை விரித்துக்கொள்கிறேன்.